ஒரே கேன் வேணாம்பா: பழைய கோ-கார்ட் ஓட்டுற வடசென்னை பசங்களுக்கு ஒரு திறந்த மடல்

தம்பிங்களா, என் வயசுக்காரங்களா, எல்லாருக்கும் வணக்கம்.

அடுத்த ஓட்டத்துக்கு எல்லா வண்டிக்கும் சேத்து ஒரே கேன்ல பெட்ரோலும் இன்ஜின் ஆயிலும் கலந்து வைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களாமே. நாப்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில், அதாவது 40:1, அதுவும் காசிமேட்ல போட் இன்ஜினுக்கு ஊத்துற அவுட்போர்டு ஆயிலு. மொத்தமா வாங்குனா சல்லிசு, புகையும் கம்மி, ட்ராக்காரங்க கிட்ட திட்டு வாங்க வேணாம். காசு மிச்சம் புடிக்கணும்னு நெனச்சதுல ஒண்ணும் தப்பில்ல, ஆனா அந்த கேன நம்ம பழைய 100 சிசி டூ ஸ்ட்ரோக்ல ஊத்தி ஓட்டுனா சாயந்தரத்துக்குள்ள எந்தெந்த இன்ஜின் பிஸ்டன் இறுகி நின்னு பிடிச்சிக்கும்னு இப்பவே உக்காந்து லிஸ்ட் போட்டுடலாம்.

அவுட்போர்டு ஆயில் மட்டமான ஆயில்னு நான் சொல்லல. டப்பால டிசி-டபிள்யூ3ன்னு போட்டுருக்கும், அது தண்ணில கூல் ஆகுற இன்ஜினுக்குன்னே செஞ்சது. போட் இன்ஜின் கடல் தண்ணிய இழுத்து தன்ன குளுப்பாட்டிகினே ஓடும், ஃபுல்லா முறுக்குனாலும் ஐயாயிரம் ஐயாயிரத்தி ஐநூறு ஆர்பிஎம்க்கு மேல பெருசா போகாது. நம்ம இன்ஜின் காத்துல மட்டும் ஆறணும், சுத்துறது பத்தாயிரத்துக்கு மேல. நம்ம ஊரு வெயில்ல அந்த காத்தே கொதிச்சுகினு தான் வருது.

உடனே ஒருத்தன் கேப்பான், "அண்ணே யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு பங்க்ல கெடைக்கிற 2டி ஆயில் தானே போடுறோம், அதுவும் ஏர் கூல்டு தானே"ன்னு. நல்ல கேள்வி. ஆனா ஆர்எக்ஸ்க்கு கியர் கீது, கிளட்ச் கீது, பவரே 7500 ஆர்பிஎம்ல வந்துரும், ஆயில ஊத்துறதுக்கு தனி பம்ப்பு வேற. நம்ம கைல இருக்குற பழைய கார்ட்டுல பாதிக்கு மேல டைரக்ட் டிரைவ், இன்ஜின்ல இருந்து செயின் நேரா ஆக்சிலுக்கு. நேர் ரோடு முடியுற எடத்துல ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுக்குறீங்க, வீல் உருண்டுகினே இருக்கு, அதனால இன்ஜினும் அதே வேகத்துல சுத்திகினே இருக்கு, ஆனா பெட்ரோலையும் காத்தையும் கலந்து அனுப்புற கார்ப் மூடிக்கிச்சு, பெட்ரோல் வரல, பெட்ரோல் வரலைன்னா ஆயிலும் வரல, ஏன்னா ஆயிலே பெட்ரோல்ல தானே கலந்து வருது. நெறைய இன்ஜின் பிடிக்கிறது அந்த எடத்துலதான். பழைய ஆளுங்க கால எடுக்குறதுக்கு சித்த முன்னாடி ஒரு கைய நீட்டி கார்ப் வாய பொத்துவாங்க பாத்திருக்கீங்களா? ஸ்டைலுக்கு இல்லபா அது. வாய பொத்துனா காத்து கம்மியாகி பெட்ரோல் கெட்டியா உள்ள போவும், கூடவே ஆயிலும் போவும், அடுத்த வளைவுக்கு இன்ஜினுக்கு கொஞ்சம் சாப்பாடு கட்டி குடுத்த மாதிரி.

அப்ப கேள்வி என்னன்னா, புது ஆயில் வராத அந்த ரெண்டு மூணு செகண்டு உள்ள ஏற்கனவே இருக்குற ஆயில் லைனர, அதாவது பிஸ்டன் ஓடுற குழாயோட உள் சுவர, புடிச்சுகினு நிக்குமா நிக்காதான்றதுதான். கேஸ்டர் ஆயில், நம்ம ஆமணக்கு, இங்கதான் ஜெயிக்குது. அதுல கிட்டத்தட்ட 90 சதவீதம் ரிசினோலிக் ஆசிட், அது இரும்புல போய் ஒட்டிக்கிற ஜாதி, சூடு ஏறுனா சட்டுனு எரிஞ்சு காணாம போவாம கெட்டியாகி அங்கயே நிக்கும். முதல் உலகப்போர்ல ஏரோபிளேன் ரோட்டரி இன்ஜினுக்கே இதைத்தான் ஊத்துனாங்க. சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்ல ரேஸ் நடந்த காலத்து ஆளுங்கள கேளுங்க, அந்த வாசனைய பத்தி ஒரு மணி நேரம் பேசுவாங்க.

வாசனைக்காக மயங்கிடவும் கூடாது. அதே ஒட்டுற குணம்தான் இதுக்கு வில்லன். ஓட்டிட்டு அப்படியே மூணு மாசம் மூலைல போட்டா ரிங்கு காடியிலயே ஒட்டிக்கும், பிஸ்டன் மேல பழுப்பா வார்னிஷ் படியும், எக்ஸாஸ்ட் போர்ட்டு சுருங்கிடும். அடிக்கடி தொறந்து சுத்தம் பண்ற கைக்குத்தான் கேஸ்டரு. சும்மா பொங்கலுக்கு ஒரு தடவ, ஆயுத பூஜைக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி ரெண்டு ரவுண்டு போறவங்க எஸ்டர்ல செஞ்ச நல்ல சிந்தெடிக், அதாவது செயற்கை, கார்ட் ஆயில் போடுங்க, அதுவே போதும். நடுவுல இருக்குறவங்களுக்கு கேஸ்டரும் சிந்தெடிக்கும் கலந்தே வர்றது கீது, கேஸ்ட்ரால் ஏ747 மாதிரி, வெல ஜாஸ்திதான், ஆனா ஒரு பிஸ்டன் தேடி அலையுற செலவ நெனச்சா ஒண்ணுமில்ல.

அப்புறம் ஒரு ஆளு நாட்டு மருந்து கடையில விளக்கெண்ணெய் வாங்கி ஊத்தலாமான்னு கேட்டாரு. உலகத்துலயே ஆமணக்கு அதிகமா வெளையுறது நம்ம நாட்டுல, குஜராத்ல, அதனால கேக்குறதுல நியாயம் கீது. ஆனா இன்ஜினுக்கு போறது பிசினு எடுத்து சுத்தம் பண்ணது. கடை எண்ணெய்ல பிசினும் ஈரமும் இருக்கும். அது வயித்துக்கு ஓகே, இன்ஜினுக்கு வேணாம்.

டப்பா மேல ஜாசோ எஃப்டின்னு, அதாவது டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கு ஜப்பான்காரங்க வச்ச தர முத்திரைய, பாத்ததும் "டாப் கிரேடுண்ணே"ன்னு தூக்கிட்டு வர்றீங்க. எஃப்சி, எஃப்டில்லாம் புகை எவ்ளோ கம்மி, கார்பன் எவ்ளோ கம்மின்றதுல தான் ஒண்ண விட ஒண்ணு மேல. வழுக்குற சக்திக்கு வச்சிருக்குற மினிமம் மார்க்கு எஃப்பி, எஃப்சி, எஃப்டி மூணுக்கும் ஒண்ணேதான். மணலி ரிஃபைனரில பேஸ் ஆயில், அதாவது இன்ஜின் ஆயிலுக்கு மூலமான ஆயில், எடுக்குறாங்க, நாம அந்த ஊருக்கு பக்கத்துலயே பொறந்து வளந்துட்டு டப்பா லேபிள பாத்து ஏமாறலாமா?

இப்ப ரேஷியோ. பிராண்டுக்கு சண்டை போடுறத விட இதுக்கு போடுங்க. 40:1ன்னா லிட்டருக்கு 25 மில்லி, 20:1ன்னா 50 மில்லி, அதாவது நீங்க முடிவு பண்ணது பழைய இன்ஜினுக்கு வேண்டியதுல சரி பாதி. 50:1 ஓட்டுறவன் புது ரோட்டாக்ஸ் மேக்ஸ் கார்ட் இன்ஜின் வச்சிருக்கான், அவன் இன்ஜின் தண்ணில ஆறுது, அவன் கணக்கு வேற. பழைய ஏர் கூல்டுக்கு 20:1, ரொம்ப அடிச்சு ஓட்டுனா 16:1. இன்னொண்ணு, ஆயில் ஜாஸ்தி பண்ணா கார்ப்ல பெட்ரோல் வர்ற ஓட்டையான ஜெட்ட தொடாம விடக்கூடாது. ஆயில் ஏறுன அளவுக்கு அதே ஓட்டைல பெட்ரோல் கம்மியா வரும், மிக்ஸ்சர்ல பெட்ரோல விட காத்து ஜாஸ்தியாகி லீன் ஆயிடும், சூடு ஏறும், அப்ப "ஆயில் ஊத்தியும் பிடிச்சிடுச்சுண்ணே"ன்னு வந்து நிப்பீங்க. கார்ப்ல பெட்ரோல் அளவ கூட்டுற ஹை ஸ்பீடு நீடில கொஞ்சம் தொறந்துட்டு பிளக் கலர பாருங்க.

பிடிச்ச பிஸ்டன கைல எடுத்து பாத்தாலே கதை தெரியும். எக்ஸாஸ்ட் பக்கம் ரிங்குக்கு கீழ நேரா கோடு கோடா கீறியிருக்கும், நகத்தால தடவுனா தட்டும், லைனர்ல அலுமினியம் பட்டையா அப்பியிருக்கும். அதுக்கு மேல பாலிஷ் போட்டு மறைக்கிறதுல பிரயோஜனம் இல்ல.

ஒரே கேன் வேணாம்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் கீது. கேஸ்டரும் மினரல் ஆயிலும், அதாவது உங்க அவுட்போர்டு ஆயில் மாதிரி பூமி எண்ணெய்ல இருந்து எடுக்குறதும், சேராது. போன தடவ கேஸ்டர் ஓட்டுன டேங்க்ல உங்க கேன் பெட்ரோல ஊத்துனா அடியில கொழகொழன்னு நிக்கும், அத கார்ப்ல இருக்குற டயாஃப்ரம்ன்ற மெல்லிசு தகடு தாங்காது. மாத்தணும்னா டேங்க், ஹோஸு, கார்ப் எல்லாத்தையும் ஸ்பிரிட் போட்டு அலசிட்டு மாத்தணும். பங்க்ல இப்ப வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல், அதுல இருக்குற எத்தனால் ஈரத்த இழுக்கும், நம்ம பக்கம் கடல் காத்துக்கு கேக்கவே வேணாம். கலந்து வச்சு அடுத்த வாரம் ஊத்துற பழக்கத்த விட்டுடுங்க, அன்னிக்கு காலைல கலந்து அன்னிக்கே முடிங்க, மிச்சம் இருந்தா டேங்க்ல விடாம எறக்கிடுங்க.

அதனால கேக்குறது இதுதான். பொது கேன் முடிவ எடுத்துடுங்க, அவங்கவங்க கேன அவங்கவங்களே கொண்டு வரட்டும், மேல மார்க்கர்ல ஆயில் பேரு, ரேஷியோ, கலந்த தேதி எழுதி ஒட்டட்டும். கேஸ்டர் ஓட்டுறவங்க வரிசைல கடைசி எடத்துல நில்லுங்க, பின்னாடி இருக்குறவங்க கண்ணுல புகை அடிக்காது, ட்ராக்காரங்க கிட்ட நான் பேசிக்கிறேன். அளக்குற ஜார் என்கிட்ட கீது, எடுத்தாறேன், டீ கிளாஸ்ல அளக்குற வேலை வேணாம். அவுட்போர்டு ஆயில ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா தூக்கி போடாதீங்க, காசிமேட்ல எந்த போட்டுக்காரர்கிட்ட குடுத்தாலும் வாங்கிப்பாரு.