லூயிக்கு அல்ல, தயாரிப்பாளருக்கு

அன்புள்ள டேனி டிவிட்டோ அவர்களுக்கு,

உங்களுக்கு வரும் ரசிகர் கடிதங்களில் பாதியாவது ‘டாக்ஸி’ என்ற சிட்காமில், அதாவது டிவி நகைச்சுவைத் தொடரில், நீங்கள் நடித்த லூயி டி பால்மாவுக்குத்தான் இருக்கும். இது அவனுக்கு எழுதியது அல்ல. ஆனாலும் அவனை விட்டுவிட்டு ஆரம்பிக்க முடியவில்லை.

‘டாக்ஸி’ தொடரின் ஆடிஷனுக்கு வந்தவர், ஸ்கிரிப்டை மேஜைமேல் வீசிவிட்டு, இந்தக் கண்றாவியை எழுதியது யார் என்று கேட்டீர்களாமே! எழுதியவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். லூயியாகவே உள்ளே வந்திருக்கிறீர்கள் என்று புரிந்ததும் சிரித்துவிட்டார்கள், வேஷமும் கிடைத்தது. 1978-ல் தொடர் வந்தபோது, டாக்ஸிகளை அனுப்பும் கம்பிக் கூண்டுக்குள் இருந்தபடி டிரைவர்களை ஏசும் அந்த ஆள் கூண்டைவிட்டு இறங்கி வரும்போதுதான் எவ்வளவு குள்ளம் என்றே பார்ப்பவருக்குத் தெரியும். அதுவரை குரலும் திமிரும் மட்டும்தான். 1981-ல் எம்மி விருது கொடுத்தார்கள். கொடுக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

நான் நன்றி சொல்ல வந்தது அப்புறம் நடந்ததற்கு. சிட்காம் முடிந்ததும் அதே வேஷத்தைச் சொல்லியே காலம் தள்ளியவர்கள் எத்தனையோ பேர். நீங்கள் தொடர் ஓடும்போதே சில எபிசோடுகளை இயக்கிப் பார்த்தீர்கள். 90களின் தொடக்கத்தில் மைக்கேல் ஷாம்பெர்க், ஸ்டேசி ஷேர் இருவரோடும் சேர்ந்து ‘ஜெர்சி ஃபிலிம்ஸ்’ என்று சொந்த மாநிலமான நியூ ஜெர்சியின் பெயரிலேயே கம்பெனி நடத்தினீர்கள். நடிகர்கள் தயாரிப்பில் இறங்குவதே பெரும்பாலும் தனக்கு நல்ல வேஷம் வேண்டும் என்பதற்காகத்தான். நீங்களோ உங்களுக்கு இடமே இல்லாத கதைகளையும் தேடித் தேடி எடுத்தீர்கள்.

இயக்குநர் டாரன்டினோவின் முதல் படம் வெளிவருவதற்கு முன்பே அவருடைய அடுத்த கதைக்கு ஒப்பந்தம் போட்டது உங்கள் கம்பெனி. அவர் எழுதிக் கொடுத்த ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ ஸ்கிரிப்டை ட்ரைஸ்டார் ஸ்டுடியோ வேண்டாம் என்றது. மிராமேக்ஸ் எடுத்துக்கொண்டது. சுமார் 80 லட்சம் டாலரில் முடிந்த படம், 1994-ல் கேன்ஸ் விழாவில் உச்ச விருதான தங்கப் பனையை வாங்கியது. ‘எரின் பிரோகோவிச்’ கதையோ, நிஜ வாழ்க்கை எரினுக்கு வைத்தியம் பார்த்தவர் ஷாம்பெர்க்கின் மனைவியிடம் பேச்சுவாக்கில் சொன்னது. அதைக் காதில் வாங்கியதன் பலன், சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையில் தயாரிப்பாளராக உங்கள் பெயர்.

நீங்கள் தயாரித்த ‘கட்டாகா’ வசூலில் படுத்துவிட்டது, சரி. ஆனால் பிறக்கும்போதே மரபணுவைப் பார்த்து ஆளைத் தரம் பிரிக்கும் உலகம் அது. உயரம் போதவில்லை என்று நாயகன் காலெலும்பை நீட்டிக்கொள்கிறான். எலும்பு வளர்ச்சிக் குறைபாட்டோடு பிறந்து 4 அடி 10 அங்குலத்தில் நின்றுவிட்ட ஒருவர் அதைத் தயாரித்திருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் காட்சி வேறு மாதிரி வலிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, ‘டாக்ஸி’யில் உங்களோடு நடித்த நகைச்சுவைக் கலைஞர் ஆண்டி காஃப்மனின் கதையான ‘மேன் ஆன் தி மூன்’தான். அதுவும் குறையில்லாத படம் என்று சொல்ல மாட்டேன். அவராக நடித்த ஜிம் கேரியின் வித்தையைத் தாண்டி ஆண்டி காஃப்மன் என்ற மனிதரிடம் அது போய்ச் சேரவில்லை. ஆனால் ‘டாக்ஸி’ படப்பிடிப்பை மறுபடி உருவாக்கிய காட்சிகளில் பழைய சக நடிகர்கள் ஜட் ஹிர்ஷ், மரிலு ஹென்னர், கிறிஸ்டோபர் லாய்ட் எல்லோரும் 20 வருட முதுமையோடு அவரவராகவே வந்து நிற்கிறார்கள். லூயி மட்டும் இல்லை! காஃப்மனின் மேனேஜராக நீங்கள் நடித்துக்கொண்டிருந்ததால், உங்களை உங்களாக்கிய வேஷத்தையே நடந்த சரித்திரத்திலிருந்து தூக்கிவிட்டீர்கள். கைதட்டல் நிச்சயம் என்று தெரிந்த இடத்தில் இப்படிச் செய்ய எத்தனை நடிகர்களுக்கு மனசு வரும்?

நீங்களே இயக்கிய ‘மட்டில்டா’வைப் பற்றி ஒன்றே ஒன்று. அதில் நடித்த சிறுமி மாரா வில்சனின் தாய் புற்றுநோயில் இருந்தபோது, முடியாத படத்தை எடுத்துப்போய் அவருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்கே பல வருடம் கழித்துத்தான் தெரிந்ததாம். 1996-ல் படம் வந்தபோது அந்தத் தாய் உயிரோடு இல்லை.

2006-ல் மறுபடி சிட்காமுக்கே போனீர்கள், ‘இட்ஸ் ஆல்வேஸ் சன்னி இன் ஃபிலடெல்ஃபியா’வில் ஃபிராங்க் ரெனால்ட்ஸாக. லூயியைவிடக் கேடுகெட்ட பிறவி. ரசித்துத்தான் பார்க்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவே நீங்கள் படம் தயாரிப்பது குறைந்துபோனது எனக்கு வருத்தம்தான். யாராவது அனுப்பிய ஸ்கிரிப்ட் மேஜைமேல் கிடந்தால் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு ரசிகன்