விடுபட்ட மூன்றாவது பெயர்

ஆசிரியருக்கு,

உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் விஞ்ஞானி எட்வர்ட்ஸ் இருக்கிறார், மகப்பேறு மருத்துவர் ஸ்டெப்டோ இருக்கிறார், அவர்களோடு உழைத்த ஜீன் பர்டியைத்தான் காணோம். செவிலியரான அவர் 1968-இல் எட்வர்ட்ஸின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அந்த முதல் குழந்தையான லூயிஸ் பிரவுனாகப் பிறக்கப்போகும் கரு ஆய்வகத் தட்டில் (குழாயில் அல்ல!) பிரிந்து வளர்வதை முதலில் பார்த்தவர் அவர்தான். உடம்பு சரியில்லாத அம்மாவைக் கவனிக்க அவர் விடுப்பில் இருந்த காலத்தில் ஆய்வே நின்றுபோனது.

1985-இல், 39 வயதில் இறந்தார். அந்தக் குழந்தை பிறந்த இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் வைத்த நினைவுப் பலகையில் அவர் பெயரையும் பொறிக்கும்படி எட்வர்ட்ஸே எழுதிக் கேட்டார். அப்போது பொறிக்கவில்லை. 2010-இல் எட்வர்ட்ஸுக்கு நோபல் கிடைத்தபோதும் பலருக்குப் பர்டியைத் தெரியாது. சரி, அங்கேதான் அப்படி. தங்கள் இதழிலுமா? அடுத்த வாரம் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

வாசகி, திருச்சி