முருகேசனுக்கு, லேப்டாப் விஷயமாக

செங்கோட்டை
ஆவணி 6

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் சுகம். பங்குனியில் நீ எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை என்று திட்டுவதாக இருந்தால் திட்டிவிட்டு மேலே படி. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் யாராவது பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு வந்து நின்றார்கள். ஸ்டூடியோவில் இப்போது ஓடுவது அது ஒன்றுதான். தகரடப்பாவுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். போய்ப் பார்த்தேன். குரல் அப்படியே தாத்தாதான், பாவம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நிவிக்கு லேப்டாப் வாங்க வேண்டும். சாதாரண லேப்டாப் இல்லை, கேமிங் லேப்டாப். இந்த 'கேமிங்' என்கிற பாதி மட்டும் உமாவுக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் கனமான மெஷின் வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அது பொய்யும் இல்லை. முப்பரிமாணப் படம் செய்கிற ப்ளெண்டரும், கேம் செய்கிற அன்ரியல் எஞ்சினும் கற்றுக்கொள்ளப் போகிறாளாம், திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் சிப் நன்றாக இருந்தால்தான் இரண்டும் ஒழுங்காக ஓடும். ராத்திரி அதிலேயே வேலரன்ட் கேம் ஆடுவாள் என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் பின்னால் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து வைஸ் சிட்டி கம்ப்யூட்டர் கேமில் பைக் திருடியவன் நான். நீயோ திருடின பைக்கோடு கடலுக்குள் போனவன். நாம் யாருக்குப் புத்தி சொல்வது?

கையில் 70,000 இருக்கிறது. சீட்டு எடுத்த பணம். எதற்காக எடுத்தேன் என்று உனக்குத் தெரியும். பின்கட்டு ஓடு இந்தச் சாரலிலும் ஒழுகுகிறது, இதை எழுதும்போதுகூட வாளியில் டொக்கு டொக்கு என்று விழுந்துகொண்டிருக்கிறது. "வாளியை நகர்த்தி வைத்துக்கலாம், பிள்ளை படிப்பை நகர்த்த முடியாது" என்று உமா சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அவளிடம் எப்படி உண்மையைச் சொல்ல?

முதலில் நான் ஏமாந்த கதை. ஆனி மாதமே ஒரு கடையில் 3,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். எந்தக் கடை, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். மெலிசாக, அழகாக இருந்தது. கிராபிக்ஸ் சிப்பின் பெயர் 'ஆர்டிஎக்ஸ் 4050' என்று ஸ்டிக்கர் பளபளத்தது. நல்ல நம்பர் என்று நானும் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் நிவி கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வாட்ப்பா?"

நான் விழித்தேன். அவள்தான் விளக்கினாள். ஒரே 4050 சிப்பை ஒரு கம்பெனி 35 வாட்டில் ஓட்டலாம், இன்னொரு கம்பெனி 115 வாட் வரைக்கும் கொடுக்கலாம். உடம்பு மெலிசாக இருந்தால் சூடு வெளியேற இடம் கிடையாது, அதனால் வாட்டைக் குறைத்துவிடுவார்கள். மாடு ஒன்றுதான், தீவனம் வேறு. முன்பு குறைந்த வாட் சிப்புக்கு 'மாக்ஸ்-கியூ' என்று பெயரிலேயே ஒரு அடையாளம் இருந்ததாம். 2021-ல் 30 வரிசைச் சிப்புகள் வந்தபோது அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஸ்டிக்கரைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கம்பெனி வெப்சைட்டில் அந்த மாடலைத் தேடிப் படித்தால்தான் உண்டு. தேடினோம். நான் அட்வான்ஸ் கொடுத்தது 60 வாட் மாடல்.

மறுநாள் போய்க் கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "வாட்டெல்லாம் பல்புக்குப் பார்க்கிறது சார்" என்றார். முருகேசா, இருபது வருஷமாக ஃப்ளாஷ் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது? அட்வான்ஸ் திரும்ப வராது, வேண்டுமானால் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு மவுஸும் பேடும் எடுத்துக்கொண்டு வந்தேன். மவுஸ் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி எரிகிறது. ஸ்டூடியோவில் போட்டோ எடுக்க வருகிற சின்னப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்க உபயோகப்படுகிறது, 3,000 ரூபாய்க்கு.

அப்புறம் ஓணம் ஓஃபர் பார்க்கலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை நானும் நிவியும் கேரளாப் பக்கம் புனலூர் போனோம். அங்கே வரி கம்மி என்று நம் கணபதி அடித்துச் சொன்னான். அவன் இன்னும் பழைய காலத்திலேயே இருக்கிறான். 2017-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு லேப்டாப்புக்கு மலைக்கு அந்தப் பக்கமும் 18 சதவீதம்தான், இந்தப் பக்கமும் 18 சதவீதம்தான். விலையில் என்ன வித்தியாசம் வந்தாலும் அது கடைக்காரன் மனசில் வருவதுதான். ரயில் பதிமூன்று கண் பாலத்தில் போகும்போது உன்னை நினைத்துக்கொண்டேன். மீட்டர் கேஜ் காலத்தில் படியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு போனோமே, இப்போது அகல ரயிலில் அப்பனும் மகளுமாகக் கிராபிக்ஸ் சிப்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு போகிறோம்.

கடைப் பையன் நல்ல பையன். நாம் பேசும் தமிழுக்கு அவன் மலையாளத்தில் பதில் சொன்னான், ஒரு குழப்பமும் இல்லை. நிவி ஒரு கேமை ஓட விட்டு, கீபோர்டுக்கு மேலே உள்ளங்கையை ஒரு அங்குலம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று உமா பார்ப்பாளே, அதே மாதிரி. அப்புறம் சார்ஜர் ஒயரைப் பிடுங்கினாள். ஒரு செகண்டுக்கு இத்தனை படம் என்று 140 காட்டிக்கொண்டிருந்த ஃப்ரேம் 60-க்கு வந்து நின்றது. பையனே சொன்னான், பேட்டரியால் அவ்வளவு கரண்ட் கொடுக்க முடியாது, கேம் என்றால் ப்ளக்கில் மாட்டித்தான் ஆடவேண்டும் என்று. உன்னுடைய பழைய அம்பாசடர் மாதிரி, எப்போதும் யாராவது பக்கத்தில் நிற்கவேண்டும் போல.

நான் என் பங்குக்கு ஒரு பென் டிரைவ் கொண்டுபோயிருந்தேன். கணபதி மகள் கல்யாணப் படம், அந்த அரக்குப் பட்டு. அதைத் திரையில் போட்டுப் பார்த்தால் வயிறு எரிந்தது. அரக்கு போய்ச் செங்கல் கலர் வந்திருக்கிறது, பெண்ணின் முகம் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்த மாதிரி இருக்கிறது. திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவு, 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று அட்டையில் ஒரு மூலையில் போட்டிருக்கிறான். மலிவு விலைக் கேமிங் லேப்டாப்பில் கம்பெனிக்காரன் கை வைக்கிற முதல் இடம் திரைதான். செகண்டுக்கு 144 தடவை படம் மாறும் என்பதை 144 ஹெர்ட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு நிறத்தை உருவிவிடுவான். வேகமாக ஓடும், ஆனால் சாயம் போய் ஓடும்.

இப்போது இரண்டு மெஷினில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புனலூரில் 68,500. 4050 சிப், வாட் நிவி கேட்கிற அளவு இருக்கிறது. திரை மேலே சொன்ன காய்ச்சல் திரை. ரேம் 8 ஜிபி, அதுவும் ஒற்றை ஸ்டிக். ஒற்றை ஸ்டிக் என்றால் பாதி வழியை அடைத்துவிட்டு வண்டி விடுகிற மாதிரி. இன்னொரு 8 வாங்கிப் போட்டே ஆகவேண்டும், ஸ்லாட் காலி இருக்கிறது. ஆக 70,000 தாண்டிவிடும்.

தென்காசியில் 60,000. 3050. அந்தப் பெயரில் சிப்பின் சொந்த மெமரி 4 ஜிபி உள்ளது ஒன்று, 6 ஜிபி உள்ளது ஒன்று என்று இரண்டு உண்டு, இது 6. ரேம் 16 ஜிபி, இரண்டு ஸ்டிக்காகவே வருகிறது. திரை எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம், அதுவும் நிற அளவுதான். அங்கேயும் பென் டிரைவைப் போட்டேன். அரக்கு அரக்காகவே இருந்தது. மிச்சம் 10,000-ல் கூரை ஓடுகளை முழுக்க மாற்ற முடியாவிட்டாலும் ஒழுகுகிற மூலையையாவது பார்த்துவிடலாம்.

நான் தென்காசி என்கிறேன். நிவி புனலூர் என்கிறாள். "திரை சரியில்லாவிட்டால் ஹாஸ்டலில் வெளியே ஒரு மானிட்டர் மாட்டிக்கலாம்ப்பா, சிப்பை மாற்ற முடியுமா?" என்று கேட்கிறாள். பதில் இல்லை. லேப்டாப்பில் சிப் போர்டோடு ஒட்டியே வருகிறது. நடுநடுவே படங்களைத் தானே உண்டாக்கிச் சேர்க்கிற, சிப் கம்பெனி என்விடியாவின் ஃப்ரேம் ஜெனரேஷன் என்று ஏதோ ஒரு வித்தை 40 வரிசையில் இருந்துதான் வருமாம், அதுவும் அவள் பக்கத்து வாதம்.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது அப்பா எனக்கு யாஷிகா கேமரா வாங்கி வந்த நாள் ஞாபகம் வந்தது. உனக்குத் தெரியும், நீயும் அன்று திண்ணையில் இருந்தாய். நான் கேட்டது அது இல்லை. அவர் பாக்ஸைத் திறந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் நன்றாக இருக்கிறதுப்பா என்றேன். இப்போது நான் அரக்குப் பட்டைப் பென் டிரைவில் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைவது நிவிக்காகவா, எனக்காகவா? அவள் போட்டோ ஃபினிஷிங் பண்ணப் போவதில்லை முருகேசா. ஒழுகுகிற ஓடு வேறு என் பக்கம் சேர்ந்துகொண்டு வாதாடுகிறது.

ஏறக்குறைய புனலூருக்கு இறங்கி வந்துவிட்டேன். ரேம் ஸ்டிக்குக்கு உன்னிடம் கேட்க மாட்டேன், பயப்படாதே, பழைய பத்தாயிரமே தை மாதத்துக்குத்தான் வரும். கீபோர்டில் விளக்கு எரிவதைப் பார்த்து உமா கேட்டால், கரண்ட் போனாலும் படிக்கலாம் என்று சொல்லத் தயாராக இருக்கிறேன்.

உன்னால் ஆகவேண்டியது ஒன்று இருக்கிறது. உன் பையன் போன வருஷம் வாங்கியது புனலூர் மெஷினின் அதே மாடல் என்று நிவி சொல்கிறாள். கடையில் ஏசியும் பாட்டும் ஓடியதில் ஃபேன் சத்தம் காதில் விழவே இல்லை. ஹாஸ்டல் அறையில் மூன்று பேர், அதில் ஒரு பெண் ஒன்பதரைக்கே தூங்கிவிடுகிறவள். அதனால் ஒரு ராத்திரி உன் பையனைச் சார்ஜரை மாட்டிக் கேமை முழு வேகத்தில் ஓடவிடச் சொல்லு. கதவைச் சாத்திவிட்டு, ஒரு கட்டில் தள்ளி நீ படுத்துப் பார். தூக்கம் வருகிறதா என்று வெள்ளிக்கிழமைக்குள் போன் பண்ணு, ஓஃபர் திருவோணம் வரைக்கும்தான்.

சாவித்திரியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சுப்பையா