அளவைப் பார்ப்பதா, இயக்கத்தைப் பார்ப்பதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

‘இந்தப் புரதம் கூடினால் புற்றுநோய் பரவும், முடக்கினால் நின்றுவிடும்’ என்று செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். செல்லின் வடிவத்தையும் நகர்வையும் ஆளும் ரோ குடும்பத்துப் புரதங்களைப் பொறுத்தவரை இது நோயாளிகளுக்கு வீண் நம்பிக்கை தரும் அரைகுறை விளக்கம்.

ரோ-ஏ, ராக்-1, சிடிசி-42 மூன்றும் சுமார் 21 கிலோடால்டன் எடையுள்ள சிறு புரதங்கள். மூன்று பாஸ்பேட் கொண்ட குவனோசின் என்ற சிறு மூலக்கூறு ஒட்டியிருந்தால் இயங்கும். ஒரு பாஸ்பேட் கழன்றதும் அடங்கிவிடும். ராக்-1 இயங்கினால் செல்லுக்குச் சட்டகமான ஆக்டின் இழைகள் கிளைவிட்டு வளர்ந்து செல்லின் முன்விளிம்பைத் தள்ளும். ரோ-ஏ இயங்கினால் மயோசின் என்ற இழுவிசைப் புரதம் செல்லைச் சுருக்கும். எனவே புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது எங்கே, எந்த நொடியில் இயங்குகிறது என்பதே முக்கியம். மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் 2012-ல் கண்டறியப்பட்ட ராக்-1 திரிபே சாட்சி: 29ஆம் இடத்திலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலம் செரினாக மாறினால் போதும், அளவு கூடாமலே அது மிகுதியாக இயங்கத் தொடங்கிவிடும்.

ஆகவே புரதங்களைப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் மொத்தப் புரதத்தின் பட்டையை மட்டும் காட்டினால் போதாது. இயங்கும் ரோ-ஏ-வோடு மட்டும் பிணையும் ரோடெகின் புரதத்தின் பிணைப்புப் பகுதி ஒட்டிய நுண்மணிகளால் இயங்கும் ரோ-ஏ-வைத் தனியே இழுத்தெடுக்க வேண்டும். செல்களைப் பனிக்கட்டிமேல் வைத்து, மெக்னீசியம் கலந்த கரைசலில் உடைத்து, விரைந்து முடிக்க வேண்டும். தாமதித்தால் பாஸ்பேட் கழன்று பட்டை மங்கிவிடும். செல்களை வளர்க்கச் சேர்க்கும் சீரத்திலுள்ள (இரத்த நீர்) லைசோபாஸ்படிடிக் அமிலமே ரோ-ஏ-வைத் தூண்டும் என்பதால், முன்கூட்டியே சீரத்தை நீக்காத அளவீட்டை நம்ப முடியாது. செல்களின் நகர்வை அளக்கும் கீறல் சோதனையும் அப்படித்தான். தட்டில் வளர்ந்த செல் படலத்தில் பிப்பெட் முனையால் இட்ட கீறல் மூடியது செல்கள் நகர்ந்ததாலா, பெருகியதாலா? மைட்டோமைசின்-சி போட்டுச் செல் பிரிவதை நிறுத்தினால்தான் தெரியும்.

முடக்குவதும் எளிதல்ல. ரோ-ஏ-வின் கட்டளையை மயோசினுக்குக் கடத்தும் ரோ-கினேஸ் நொதியைத் தடுத்தால் உருண்டையாக நழுவிச் செல்லும் செல்கள் நின்றுபோகும். நீண்ட வடிவச் செல்களோ புரதத்தைச் சிதைக்கும் வேறு நொதிகளால் சுற்றுத்திசுவை அரித்துக்கொண்டு முன்னேறும். அந்த அரிக்கும் நொதிகளை மட்டும் தடுத்தால் அவற்றில் சில உருண்டு, ரோ தரும் சுருக்கத்தால் இடுக்குகளில் புகுந்துவிடும். திசுவைப் போன்ற முப்பரிமாணக் கூழில் வளர்த்துப் பார்த்தபோதுதான் இந்த வேடமாற்றம் வெளிப்பட்டது. தட்டையான தட்டில் அரிப்பதற்கே திசு இல்லை.

இனி இத்தகைய செய்தி வெளியிடும்போது, அளந்தது மொத்தப் புரதமா இயங்கும் பங்கா, சோதித்தது தட்டிலா, கூழிலா, விலங்கிலா என்பதை ஒரு வரியில் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.