கோழை என்ற சொல்லை எடுத்துவிட்டேன், மாமா

மாமா,

இன்று ஜூன் 21. 1942இல் லிபியாவின் டோப்ருக் துறைமுகம் ஜெர்மன் படையிடம் விழுந்த நாள். நீங்கள் இல்லாமல் வரும் முதல் டோப்ருக் நாள். அங்கே சரணடைந்த நம் தென்னாப்பிரிக்க ஜெனரல் க்ளொப்பரைப் போன வருடம் இதே தேதியில் கோழை என்று எழுதினேன். அதற்கப்புறம் நீங்கள் என்னோடு பேசவே இல்லை. அந்தச் சொல்லை இன்று காலை எடுத்துவிட்டேன்.

மன்னிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 33,000 பேர் கைதி, அதில் பத்தாயிரத்துக்கும் மேல் நம் நாட்டார் என்று படிக்கும்போது யாரையாவது திட்டத் தோன்றாதா? மணல் தூர்ந்த டாங்கிப் பள்ளம், கஸாலா போர்முனைக்குத் தோண்டியெடுத்துக்கொண்டு போன கண்ணிவெடிகள், டோப்ருக்கில் இன்னொரு முற்றுகை வேண்டாம் என்று பிப்ரவரியிலேயே மேலிடம் எடுத்த முடிவு, இதெல்லாம் நீங்கள் எனக்குச் சொல்லித் தந்த பாடம்தான். டிவிஷனைக் கையில் வாங்கி ஒரு மாதம் சொச்சம்தான் ஆன மனிதர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 20ஆம் தேதி மாலை ஜெர்மன் டாங்கிகள் நெருங்கியதும் வயர்லெஸ்ஸையும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சையும் அவசரப்பட்டு உடைக்க விட்டது அவர் கணக்குதான். அதன்பின் எந்தப் படை எங்கே நிற்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. இதை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

உங்கள் அடுக்களையில் அன்று பாயசத்துக்கு உடைத்த மில்க்மெய்ட் டப்பா ஞாபகம் இருக்கிறதா? அதைக் கழுவி மேசையில் வைத்தீர்கள். "இவ்வளவுதான்டா அளவு" என்றீர்கள். டோப்ருக்கில் கைதியான நம் கறுப்பினச் சிப்பாய் ஜோப் மசேகோ தோட்டாக்களைப் பிரித்து எடுத்த மருந்து இந்த மாதிரி ஒரு பால் டப்பாவுக்குள். சுரங்கத்தில் வேலை பார்த்த கை, திரி எவ்வளவு நீளம் வேண்டும் என்று தெரியும். சுமை இறக்க அனுப்பிய கப்பலின் அடித்தட்டில், பெட்ரோல் பீப்பாய்களுக்கு நடுவே செருகிவிட்டு, எல்லோரும் ஏறின பிறகு கடைசி ஆளாகப் பற்றவைத்தார். ஜூலை 21 வாக்கில், டோப்ருக் விழுந்து கிட்டத்தட்ட ஒரு மாதம். டப்பாவின் விளிம்பை உங்கள் கட்டைவிரல் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டே இருந்தது. பாயசம் ஆறிப்போனது. அத்தை திட்டினார்கள்.

எனக்கு அப்போது பிடிபடாதது இது. 1929 ஜெனீவா ஒப்பந்தப்படி சிறைப்பட்ட அதிகாரியை வேலை வாங்கக் கூடாது. அவருக்குச் சம்பளம் உண்டு, பணிவிடைக்குச் சிப்பாய்களும் உண்டு. க்ளொப்பர் இத்தாலிக்குப் போனார், 1943இல் தப்பினார். அவர் இல்லாமலே கெய்ரோவில் விசாரணை நடந்து, பழி பெரும்பாலும் அவர்மேல் விழவில்லை. 1956இல் முழு ராணுவத்துக்கும் தலைவர். சிறை அவருடைய உத்தியோகத்தில் ஒரு இடைவெளி, அவ்வளவே. மசேகோவுக்கு மிலிட்டரி மெடல் கிடைத்தது. 1952இல் ரயில் அடித்துச் செத்தபோது கடன் வாங்கித்தான் அடக்கம் செய்தார்கள். உங்கள் அப்பா இண்டியன் அண்ட் மலாய் கோர் என்ற துணைப்படையில் லாரி டிரைவர். துப்பாக்கி தராமலேயே போருக்கு அனுப்பினார்கள், பிடிபட்டதும் அதே துறைமுகத்தில் மூட்டை தூக்க வைத்தார்கள்.

இப்படி இருந்தும் நீங்கள் ஜெனரலுக்குத்தான் வக்காலத்து வாங்கினீர்கள்! மசேகோவைப் பற்றிக் கேட்டால் விடியும்வரை பேசுவீர்கள். உங்கள் அப்பாவைப் பற்றிக் கேட்டால் "லாரி ஓட்டினார், வந்தார்" என்று எழுந்து போய்விடுவீர்கள். நான் கேட்காமலா இருந்தேன்? சாட்ஸ்வர்த்தில் உங்கள் வீட்டுக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்திருப்பேன்? கோழை என்று எழுதினதில் பாதி உங்கள்மேல் இருந்த கோபம், மாமா.

அந்தத் தகரப் பெட்டியைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அத்தையும் பிள்ளைகளும் படிப்பார்கள். ஆஸ்பத்திரியில் நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதையும் எழுத மாட்டேன்.

டப்பா உங்கள் ஜன்னலில் அப்படியே இருக்கிறது, உள்ளே திருகாணிகள். அது எனக்கு வேண்டாம். பெட்டிச் சாவியைத்தான் ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் கேட்கப் போகிறேன். வேண்டுமானால் கோபித்துக்கொள்ளுங்கள்.