தோண்டுறதுக்கு முன்னாடியே கூப்பிட்டா என்னவாம்?

ஆசிரியருக்கு வணக்கம்,

பழைய பல்கலைக்கழக வளாகங்கள்ல புதுக் கட்டடம் கட்டுறதைப் பத்தி போன இதழ்ல வந்த கட்டுரையைப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா நடுவுல ஒரு இடத்துல, தொல்லியல்காரங்க சைட்டுக்குள்ள வந்துட்டா வேலை நின்னுடும், செலவு எகிறிடும்ங்கற மாதிரி போற போக்குல ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் அட்லாண்டாவுல ஒரு கட்டுமானக் கம்பெனில எஸ்டிமேஷன் பாக்குறவன், வேலை எதனால நிக்குது, செலவு எதனால ஏறுதுன்னு கணக்குப் போடுறதுதான் என் பொழப்பே. என் அனுபவத்துல சொல்றேன், தொல்லியல்காரங்க வந்ததால வேலை நின்னதை விட அவங்களைக் கடைசில கூப்பிட்டதால நின்னதுதான் அதிகம்.

எங்க ஊர்லேர்ந்து ஒண்ணரை மணி நேர டிரைவ்ல ஏதென்ஸ்னு ஒரு ஊரு, ஜார்ஜியா யுனிவர்சிட்டி அங்கதான் இருக்கு. 1785ல சார்ட்டர்ங்கற தொடக்க ஆணை வாங்கினது, ரொம்பப் பழசு. அங்க பால்ட்வின் ஹால்னு 1938ல கட்டின ஒரு கட்டடம். அதை விரிவாக்கம் பண்றதுக்காக 2015 நவம்பர்ல மண்ணைத் தோண்டும்போது மனுஷ எலும்பு வந்துச்சு. முதல்ல 27 குழின்னாங்க, போகப் போக எண்ணிக்கை ஏறி கடைசில 105 புதைகுழில போய் நின்னுச்சு. இதுல என்ன கூத்துன்னா, பக்கத்துலயே பழைய இடுகாடு இருக்கு, கண்ணால பாக்கலாம், கல்லறைக் கல்லெல்லாம் இன்னும் நிக்குது. 1856ல ஓகோனி ஹில் இடுகாடு திறக்கற வரைக்கும் ஊர்க்காரங்க புதைச்சதே அங்கதான். 1938ல பால்ட்வின் ஹால் கட்டினதே அந்த இடுகாட்டு மண்ணுல கைவெச்சுத்தான். இதெல்லாம் ரகசியம் கிடையாது, ஊர்ல பழைய ஆளுங்களுக்குத் தெரிஞ்ச விஷயம். போதாக்குறைக்கு அந்த யுனிவர்சிட்டியோட ஆந்த்ரபாலஜி டிபார்ட்மென்ட் எங்க இருக்குன்னு நினைக்கிறீங்க, அதே பால்ட்வின் ஹால்லதான்! எலும்பைப் பத்திப் பாடம் எடுக்கறவங்க மாடில உக்காந்திருக்காங்க, கீழ எஸ்கவேட்டர் வந்து அள்ளுற வரைக்கும் யாரும் ஒரு டெஸ்ட் குழி போட்டுப் பாக்கலை.

அதுக்கப்புறம் நடந்தது இன்னும் மோசம். கிடைச்ச எலும்பெல்லாம் ஐரோப்பிய வம்சாவளியா இருக்கும்னு யுனிவர்சிட்டி முதல்ல சொல்லுச்சு. அப்புறம் டிஎன்ஏ எடுத்துப் பாத்தா, ரிசல்ட் சொல்ற அளவுக்குத் தேறின 30 சாம்பிள்ல பெரும்பாலானது தாய்வழில ஆப்பிரிக்காவோடது. அந்தக் காலத்து ஏதென்ஸ்ல கறுப்பினத்தவங்கன்னா கிட்டத்தட்ட எல்லாருமே அடிமையா இருந்தவங்கதான். இந்த ரிசல்ட் வெளிய வந்தது 2017 மார்ச் மாசம், அதே மாசத்துலயே எல்லாத்தையும் ஓகோனி ஹில்லுக்குக் கொண்டுபோய் மறுபடி புதைச்சாச்சு. எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டீங்களான்னு ஊர்க் கறுப்பினத்தவங்க கேட்டாங்க, அதுக்குச் சரியான பதில் வரவே இல்லைன்னுதான் நான் சொல்லுவேன். 2018 நவம்பர்ல கட்டடத்துக்கு முன்னாடி ஒரு நினைவுச்சின்னம் வெச்சாங்க. 2019ல அங்க இருக்கற பேராசிரியர்களோட கமிட்டியே நிர்வாகத்தைக் கடுமையா விமர்சிச்சு ரிப்போர்ட் குடுத்துச்சு. நாலு வருஷம் சார், ஒரு கட்டட விரிவாக்கத்துக்காக.

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. நம்ம ஊர்ல பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள கட்டக்கூடாது, அதுக்கு மேல 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும்னு இருக்கற மாதிரி இங்கயும் பொதுவா ஒரு ரூல் இருக்கும்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. இங்க 1966ல வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்துல 106வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, ஆனா அது மத்திய அரசோட பணமோ பர்மிட்டோ நிலமோ சம்பந்தப்பட்டாத்தான் வேலை செய்யும். ஒரு யுனிவர்சிட்டி தன் நிலத்துல மாநிலக் காசையோ நன்கொடைக் காசையோ வெச்சுக் கட்டினா அந்தப் பிரிவு எட்டிக்கூடப் பாக்காது. மாநிலச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேற, பெரும்பாலும் எலும்பு வெளிய வந்ததுக்கு அப்புறம் என்ன செய்யணும்னுதான் சொல்லும்.

இங்கிலாந்துல கதை வேற. அங்க 1990லயே கட்டட அனுமதியோட தொல்லியல் ஆய்வையும் சேத்துட்டாங்க, கட்டுறவந்தான் ஆய்வுக்கும் காசு குடுக்கணும். அதனாலதான் 2008ல ஆக்ஸ்ஃபோர்டு செயின்ட் ஜான்ஸ் காலேஜ்ல புது ஹாஸ்டல் பிளாக் கட்டுறதுக்கு முன்னாடி தோண்டிப் பாத்தப்போ, 4,000 வருஷத்துக்கு முந்தின பிரம்மாண்டமான ஒரு வட்டப் பள்ளமும், அதுக்குள்ள வெட்டுக்காயத்தோட 30க்கும் மேற்பட்ட இளைஞர்களோட எலும்புக்கூடும் கிடைச்சுது. 1002ல ராஜா உத்தரவு போட்டுக் கொன்ன டேனிஷ்காரங்களா இருக்கலாம்னு ஒரு கட்சி, இல்லைன்னு ஒரு கட்சி, அந்தச் சண்டை இருக்கட்டும். கட்டடம் நிக்குது, மாணவர்கள் குடியிருக்காங்க.

அமெரிக்காவுலயும் சட்டம் கட்டாயப்படுத்தாமலே ஒழுங்கா பண்ற இடம் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா நியாயமா இருக்காது. மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டி. 2005ல அவங்களோட 150வது வருஷக் கொண்டாட்டத்துக்காக, 1876ல எரிஞ்சுபோன சேன்ட்ஸ் ரெஸ்ட்ங்கற அவங்களோட முதல் ஹாஸ்டலைத் தோண்டிப் பாத்தாங்க. அதுலேர்ந்து சூடு பிடிச்சு 2007ல லின் கோல்ட்ஸ்டீன்ங்கற பேராசிரியர் வளாகத் தொல்லியல் திட்டம்னே ஒண்ணை ஆரம்பிச்சாங்க. பைப் போடணுமா, மரம் நடணுமா, நடைபாதை மாத்தணுமா, பராமரிப்பு டிபார்ட்மென்ட்டோட பிளான் முன்னாடியே இவங்க மேஜைக்கு வந்துடும். மாணவர்கள் போய் மண்வெட்டியால சின்னச் சின்னக் குழியா வரிசையாப் போட்டு, மண்ணைச் சல்லடைல சலிச்சுப் பாத்துட்டு, ஒண்ணும் இல்லைன்னா போங்கன்னு அனுப்பிடுவாங்க. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது, வேலை அது பாட்டுக்கு நடக்கும். 2023ல ஒரு ஹாஸ்டல் பக்கத்துல தூளிப்படுக்கை கட்டுறதுக்குக் கம்பம் நடப்போனாங்க, குழி தோண்டின தொழிலாளிக்குக் கீழ எதுவோ கெட்டியாத் தட்டுப்பட்டுச்சு, உடனே அந்தத் தொல்லியல் திட்டத்துக்காரங்களைக் கூப்பிட்டாங்க. பாத்தா 1881ல ரோலா கார்பென்டர்ங்கற பேராசிரியர் கட்டின, அந்த யுனிவர்சிட்டியோட முதல் வானியல் ஆய்வுக்கூடத்தோட அஸ்திவாரம்! எனக்கு அந்த அஸ்திவாரத்தை விட அந்தத் தொழிலாளிங்கதான் பெருசாத் தெரியுறாங்க. யாரைக் கூப்பிடணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, கூப்பிட்டா திட்டு விழாதுங்கற தைரியமும் இருந்துச்சு.

இந்தத் தைரியம் எங்கேர்ந்து வருதுன்னு எங்க தொழில்ல இருக்கறவங்களுக்கு நல்லாத் தெரியும். காண்ட்ராக்ட்ல ஒரு நாள் லேட் ஆனா இவ்வளவு பெனால்ட்டின்னு எழுதியிருக்கும். பூமிக்கடியில ஏதாவது கிடைச்சு வேலை நின்னா அந்த நாளுக்கு யார் பொறுப்புன்னு தெளிவா எழுதலைன்னு வெச்சுக்கங்க, காலைல ஆறு மணிக்கு எஸ்கவேட்டர்ல உக்காந்திருக்கற ஆபரேட்டர் பக்கெட்டுல பழைய செங்கலோ எலும்போ வந்தா என்ன பண்ணுவாரு? மண்ணோட மண்ணா லாரில ஏத்திடுவாரு. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், ஃபோர்மேன் முறைக்கிறது அவருக்குத்தானே தெரியும். அதனால டெண்டர்லயே எழுதணும், ஏதாவது கிடைச்சா சுத்தி இத்தனை அடிக்கு வேலையை நிறுத்து, இந்த நம்பருக்குப் போன் பண்ணு, அந்த நாட்களுக்குப் பெனால்ட்டி கிடையாது, டைம் நீட்டிச்சுத் தரப்படும்னு. மிஞ்சிப்போனா ஒரு பக்கம் வரும் சார்.

ராடார் மெஷினை உருட்டிப் பாத்தாப் போதாதான்னும் சிலர் கேக்குறாங்க. மணல் பாங்கான இடத்துல அது நல்லா வேலை செய்யும், களிமண்ல சிக்னல் ஆழமா போகவே போகாது, ஜார்ஜியாவுல அட்லாண்டா, ஏதென்ஸ் பக்கமெல்லாம் செம்மண் களி. இங்கெல்லாம் நம்பகமான வழின்னா, பல்லு இல்லாத பக்கெட்டைப் போட்டு மேல்மண்ணை மெதுவா ஒரு லேயர் சீவி எடுக்கறதுதான். பழைய குழி இருந்தா செவ்வகமா மண்ணு கலர் மாறித் தெரியும், எலும்பே கரைஞ்சு போயிருந்தாலும் அந்தக் கறை போகாது. இதைப் பக்கத்துல நின்னு பாக்கறதுக்குப் படிச்ச ஆள் ஒருத்தர் வேணும், அவ்வளவுதான். பல்லுள்ள பக்கெட்டால குத்திக் கிளறினதுக்கு அப்புறம் எந்தப் பேராசிரியர் வந்தாலும் பிரயோஜனம் இல்ல.

செலவுன்னு பேசுறவங்களுக்கு ஜாக்சன் ஊர்ல இருக்கற மிசிசிப்பி மெடிக்கல் சென்டர் கணக்கை மட்டும் காட்டிடறேன். அந்த வளாகம் இருக்கற இடத்துல 1855லேர்ந்து 1935 வரைக்கும் மனநல மருத்துவமனை இருந்துச்சு. ரோடு போடும்போது முதல்ல 66 சவப்பெட்டி வந்துச்சு, அப்புறம் பார்க்கிங் கட்டலாம்னு பாத்தா இன்னும் ஆயிரக்கணக்குல, மொத்தம் 7,000 வரைக்கும் இருக்கலாம்னு மதிப்பிட்டாங்க. எடுத்து மறுபடி புதைக்க ஒரு உடலுக்கு 3,000 டாலர்னு போட்டு 21 மில்லியன் டாலர் ஆகும்னு 2017ல செய்தி வந்துச்சு. பார்க்கிங்கை அங்க கட்டுற யோசனையை விட்டுட்டாங்க. பிளான் போடுற ஸ்டேஜ்லயே தெரிஞ்சிருந்தா டிராயிங்கை வேற பக்கம் நகத்துறதுக்கு ஆகுற செலவு ஆர்க்கிடெக்டோட ரெண்டு வார சம்பளம்.

வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட்ல இருக்கற மெடிக்கல் காலேஜ்ல 1994ல நடந்தது இதுக்கு நேர் எதிர், அங்க வேலையை நிறுத்த மனசே வரலை. புதுக் கட்டடத்துக்குத் தோண்டும்போது பழைய கிணறு ஒண்ணுல 19ஆம் நூற்றாண்டுல உடற்கூறு பாடத்துக்கு அறுத்துப் போட்டவங்களோட எலும்பு கிடைச்சுது, பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளி, குறைஞ்சது 44 பெரியவங்க, 9 குழந்தைங்க. ஆய்வாளர்களுக்குக் குடுத்தது ஏதோ கொஞ்ச நாள்தான். எடுத்த எலும்பு வாஷிங்டன் மியூசியத்துக்குப் போய் 2019லதான் ஊர் திரும்புச்சு. கட்டடம் என்னவோ முடிஞ்சிடுச்சு, ஆனா 25 வருஷம் கழிச்சும் பேச்சு ஓயலை.

இங்க படிக்கற, பாடம் எடுக்கற, கட்டுமான வேலை பாக்குற தமிழர்களும் நிறைய பேர் உங்க பத்திரிகையைப் படிக்கறாங்க. வளாகத்துல புதுசா வேலி கட்டிட்டாங்கன்னா, மண்ணைப் பாக்க ஆள் போட்டிருக்கீங்களான்னு ஒரு மெயில் தட்டிக் கேக்கலாம், அதுக்குக் காசு ஆகாது. ஆசிரியர் குழு முடிஞ்சா அடுத்த இதழ்ல அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்க. தொல்லியல்காரங்களை லேட்டா கூப்பிட்டா வேலை நின்னுடும்னு மாத்தினாப் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
அட்லாண்டா