அசல் என்று சொல்லிப் போலி மாங்கா (ஜப்பானியப் படக்கதைப் புத்தகம்) விற்றது குறித்துப் புகார்

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இணையவழிப் புத்தக விற்பனைப் பிரிவு

பொருள்: ‘ஓரியண்ட்’ மாங்காவின் முதல் ஐந்து தொகுதிகள் போலிப் பிரதிகளாக வந்தது – பணத்தைத் திருப்பித் தரவும், அந்த விற்பனையாளரை நீக்கவும் கோருதல்

ஐயா / அம்மா,

ஷினோபு ஓதாகா எழுதி வரைந்த ‘ஓரியண்ட்’ மாங்காவின் ஆங்கிலப் பதிப்பில் முதல் ஐந்து தொகுதிகளை உங்கள் தளத்தில் ஒரே செட்டாக வாங்கினேன். விலை 3,250 ரூபாய். ‘நூறு சதவீதம் அசல், பதிப்பாளரின் பிரதி’ என்று அந்தப் பக்கத்தில் போட்டிருந்தது. வந்து சேர்ந்த ஐந்துமே போலி. இணையத்தில் கிடைக்கும் ஸ்கேன் படங்களை யாரோ எடுத்து, மலிவான தாளில் அச்சடித்து, பசை போட்டு ஒட்டி, அட்டை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

இதைப் படங்களோடு உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். ‘மாங்கா என்பது வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டிய புத்தகம், இது அச்சுக் குறை அல்ல’ என்று ஒரு பதில் வந்தது. கூடவே புகார் தீர்க்கப்பட்டதாகக் குறித்து மூடியும் விட்டார்கள். என் கடிதத்தில் இரண்டு வரியாவது படித்திருந்தால் இப்படி ஒரு பதில் வந்திருக்காது.

மாங்கா வலமிருந்து இடமாகப் போகும் என்பது எனக்குத் தெரியும். அப்படி இருக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். 1980-களிலும் 90-களிலும் அமெரிக்காவில் மாங்காவை மொழிபெயர்த்தவர்கள், தங்கள் வாசகர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று பக்கங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டார்கள். அதனால் வாள்வீரர்கள் எல்லாரும் இடதுகைக்காரர்கள் ஆனார்கள். இடது இடுப்பில் இருக்க வேண்டிய வாள் வலது இடுப்புக்குப் போனது. கிமோனோ என்ற ஜப்பானிய உடையின் மடிப்பும் மாறியது. ஜப்பானில் வலது மடிப்பை மேலே போட்டு உடுத்துவது இறந்தவர்களுக்கு மட்டும்தான். 2000-களின் தொடக்கத்தில் அந்தப் பழக்கம் பெரும்பாலும் ஒழிந்து, ஜப்பானிய வரிசையிலேயே அச்சிடத் தொடங்கினார்கள். ஆக, புத்தகம் வலப்பக்கம் திறப்பதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. என் குறை வேறு. உங்கள் சேவைப் பிரிவில் உள்ளவர்களுக்கும் புரியட்டும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

‘ஓரியண்ட்’ சாமுராய்கள் எனப்படும் ஜப்பானியப் போர்வீரர்கள் ராட்சத அரக்கர்களோடு மோதும் கதை. ஜப்பானில் குறுநில மன்னர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டையிட்டுக்கொண்டிருந்த செங்கோகு காலத்தில், கிஷின் எனப்படும் அரக்கர்கள் வந்து அந்த மன்னர்களைக் கொன்று நாட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது நடந்து 150 ஆண்டுகளுக்குப் பிறகு கதை தொடங்குகிறது. மக்கள் அரக்கர்களைக் கடவுளாகக் கும்பிடுகிறார்கள், அவர்களுக்காகச் சுரங்கம் வெட்டுகிறார்கள். எதிர்த்து நிற்கிற சாமுராய்களைத்தான் துரோகிகள் என்கிறார்கள். அப்படி ஒரு சுரங்க ஊரில் பிக்காக்ஸ் பிடித்து வளர்ந்த முசாஷியும், அவன் நண்பன் கோஜிரோவும் கிளம்பிப் போகிறார்கள். முசாஷி, கோஜிரோ என்ற பெயர்களைக் கேட்டதும் 1612-இல் ஒரு சின்னத் தீவில் மோதிய இரண்டு புகழ்பெற்ற வாள்வீரர்கள் ஜப்பானியர்களுக்கு நினைவுக்கு வருவார்கள். நிஜத்தில் எதிரிகளாக நின்றவர்களை ஓதாகா நண்பர்களாக்கியிருக்கிறார். எனக்கு இந்தத் தொடரைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணமே அதுதான்.

2018-இல் வாரப் பத்திரிகையில் தொடங்கி, பிறகு மாதப் பத்திரிகைக்கு மாறி, 2024-இல் இருபது தொகுதிகளோடு முடிந்த தொடர் இது. வாரத் தொடர் என்றால் ஒரு வாரத்துக்கு ஏறக்குறைய இருபது பக்கம்தான் கிடைக்கும். அதில் எதிரெதிராக இருக்கும் இரண்டு பக்கங்களை ஒரே படத்துக்குக் கொடுப்பது என்றால், அந்த வாரத்துக் கதையில் பத்தில் ஒரு பங்கை ஒரே கணத்துக்காகச் செலவழிப்பது. ஓவியர் சும்மா அப்படிச் செய்யமாட்டார். அரக்கன் எவ்வளவு பெரியவன், எதிரே வாளோடு நிற்கிற பையன் எவ்வளவு சிறியவன் என்பதை நம் கண் நம்ப வேண்டும். அதற்குத்தான் இரட்டைப் பக்கம். இந்த வகை மாங்காவுக்கு உயிரே அங்கேதான் இருக்கிறது.

இது நேற்று வந்த உத்தியும் இல்லை. சுமார் 1844-இல் உதாகவா குனியோஷி என்ற ஓவியர் செய்த ஒரு மரக்கட்டை அச்சுப் படம் உலகம் முழுக்கத் தெரிந்தது. கிழிந்த மூங்கில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு ராட்சத எலும்புக்கூடு குனிந்து எட்டிப் பார்க்கும். ஓயா நோ மிட்சுகுனி என்ற சாமுராய் அதன் எதிரே சின்ன உருவமாகத் தெரிவார். அந்தப் படம் மூன்று தனித்தனித் தாள்களில் அச்சானது. எலும்புக்கூடு ஒரு தாளில் அடங்காமல் பக்கத்துத் தாளுக்கும் நீளும். தாள்களைச் சேர்த்து வைத்தால்தான் அதன் பெருத்த உருவம் கண்ணுக்குப் பிடிபடும், ஒன்றை எடுத்துவிட்டால் படமே இல்லை. இன்றைய மாங்கா ஓவியர்களும் அதே வழியில்தான் வருகிறார்கள்.

சரி, நீங்கள் அனுப்பிய புத்தகத்துக்கு வருகிறேன். இரண்டாம் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். போலி அடித்தவர் முன்பக்கத்தில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டார். அதனால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாப் பக்கங்களும் ஒரு பக்கம் நகர்ந்துவிட்டன. எதிரெதிரே வர வேண்டிய இரண்டு பாதிகள் இப்போது ஒரே தாளின் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. அரக்கனின் தலையும் ஒரு கையும் முன்பக்கம், தாளைப் புரட்டினால் மீதி உடம்பும் அவனை நோக்கிப் பாய்கிற வீரனும் பின்பக்கம். அந்தத் தொகுதியில் உள்ள இரட்டைப் பக்கப் படங்கள் எல்லாமே இந்தக் கதிதான். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மற்ற நான்கு தொகுதிகளில் பக்க வரிசை சரியாக இருக்கிறது, ஆனால் நடு ஓரத்துக்கு இடமே விடவில்லை. இருபுறமும் விரல் அகலத்துக்குப் படம் முதுகுப் பசைக்குள் போய்விட்டது. மூன்றாம் தொகுதியில் ஒரு சண்டைக் காட்சியில் இடது ஓரத்தில் வாள்முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது, வாளைப் பிடித்திருக்கிற ஆளைக் காணோம். புத்தகத்தை அழுத்தி விரித்துப் பார்த்தேன், பசை விட்டு எட்டுத் தாள் கையோடு வந்துவிட்டது. நண்பர் ஒருவரிடம் அசல் பிரதி இருக்கிறது. அதை வாங்கி வந்து அதே பக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் ஆள் இருக்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிற முகமும் தெளிவாகத் தெரிகிறது.

அச்சின் தரமும் அப்படித்தான். மாங்காவில் சாம்பல் நிறம் என்று தனியாக மை கிடையாது. நுண்ணிய கறுப்புப் புள்ளிகளை நெருக்கியும் தள்ளியும் வைத்துத்தான் நிழல், புகை, இரவு வானம் எல்லாவற்றையும் காட்டுவார்கள். டோன் என்பார்கள். தரம் குறைந்த ஸ்கேனை எடுத்து மறுபடி அச்சடித்தால் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று மோதிக் கட்டம் கட்டமாக, அலை அலையாகத் தெரியும். நீங்கள் அனுப்பிய ஐந்திலும் அப்படித்தான் இருக்கிறது. கருமையாக இருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடக்கிறது. தாள் மெல்லியது என்பதால் பின்பக்கத்து அரக்கனின் நகம் முன்பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும் பெண்ணின் கன்னத்தில் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது படிக்கத் தெரியாதவரும் கண்டுபிடிக்கக்கூடியது. ஐந்து தொகுதிகளின் பின்னட்டையிலும் புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண் ஒன்றாகவே அச்சாகியிருக்கிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் தனி எண் இருக்க வேண்டும். உங்கள் கிடங்கில் பார்கோடை ஸ்கேன் செய்துதானே பொருளை உள்ளே எடுக்கிறீர்கள்? ஐந்து வேறு புத்தகங்களுக்கு ஒரே எண் வந்தபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லையா?

இந்த செட்டை நான் வாங்கியது என் அக்கா மகளுக்காக. பத்தாம் வகுப்பு படிக்கிறாள், நன்றாக வரைவாள். கைபேசித் திரையில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் படிக்கிறாளே, ஒரு பக்கத்தை எப்படி அமைக்கிறார்கள் என்று அச்சில் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். இரண்டாம் தொகுதியைப் புரட்டியவள், ‘மாமா, இதில் பாதிப் படம் எங்கே?’ என்று கேட்டாள். பிறகு அவளே பின்பக்கம் திருப்பிக் கண்டுபிடித்தாள். கத்தரியால் வெட்டி ஒட்டலாம் என்றாலும் முடியாது, ஒரு பாதியை வெட்டினால் பின்னால் இருக்கிற பாதி போய்விடும். அவள் மிகவும் ஆசையாக எதிர்பார்த்திருந்தாள். எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை.

அப்புறம் உங்கள் நிறுவனம் நடந்துகொண்ட விதம். முதல் புகாரை வலம் இடம் என்று சொல்லி மூடினீர்கள். மறுபடி எழுதியபோது, திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்றீர்கள். கெடு முடிந்தது முதல் புகாருக்கு உங்கள் பதிலுக்காகக் காத்திருந்ததால்தான். பொருளின் பக்கத்தில், இது போலி, யாரும் வாங்கிவிடாதீர்கள் என்று படங்களோடு ஒரு விமர்சனம் எழுதினேன். அது விதிகளுக்கு முரணானது என்று நீக்கிவிட்டீர்கள். அதே பக்கத்தில் ‘பேக்கிங் சூப்பர்’ என்று ஐந்து நட்சத்திரம் போட்ட விமர்சனங்கள் அப்படியே இருக்கின்றன. எச்சரிக்கையை எடுத்துவிட்டு விற்பனையைத் தொடர்ந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய வருத்தம். அதற்குப் பிறகு அதை வாங்கியவர்களுக்கு யார் பதில் சொல்வது?

‘நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, பொருளுக்கு விற்பனையாளரே பொறுப்பு’ என்று கடைசியாக ஒரு வரி வந்தது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளை உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன். பொருள் போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமலோ இருந்தால் அதைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் சொல்ல வேண்டும். அதைத் தவிர, அனுமதியில்லாமல் அச்சடித்து விற்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஏழு நாள் கெடு என்ற உங்கள் விதியை வைத்து இதையெல்லாம் தாண்டிப் போக முடியாது.

3,250 ரூபாயில் ஒரு பைசாகூட ஓதாகாவுக்கும் போகவில்லை, இந்தப் பதிப்புக்காக உழைத்த மொழிபெயர்ப்பாளருக்கும், வசனங்களைப் பொருத்தி எழுதுகிறவருக்கும் போகவில்லை. ஒரு மாங்கா தொடரைத் தூக்கி நிறுத்துவதே தொகுதி விற்பனைதான், விற்பனை குறைந்தால் ஓவியர் நினைத்த இடம்வரை கதையைக் கொண்டுபோக முடியாமல் பாதியில் முடித்துக்கொள்ள வேண்டி வரும். நான் அசல் விலை கொடுத்தது அவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான். இலவசமாகப் படிப்பதற்கு இணையத்தில் வழியில்லாமல் இல்லை, அது வேண்டாம் என்றுதான் உங்களிடம் வந்தேன்.

ஆகவே நான் கேட்பது இவை. செலுத்திய 3,250 ரூபாயையும் அதோடு வசூலித்த அனுப்பும் கட்டணத்தையும் என் வங்கிக் கணக்கிலேயே திருப்பித் தாருங்கள். உங்கள் தளத்தின் வாலட்டில் புள்ளிகளாகப் போட்டால் ஏற்கமாட்டேன். அந்த விற்பனையாளரின் முழுப் பெயர், முகவரி ஆகியவற்றை எனக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு, அவரை உங்கள் தளத்திலிருந்து நீக்குங்கள். அவரிடம் உள்ள மற்ற மாங்கா தொகுதிகளையும் சரிபார்த்து, போலி என்றால் எல்லாவற்றையும் நீக்குங்கள். இந்த செட்டை இதுவரை வாங்கியவர்களுக்கு இது போலிப் பிரதி என்று மின்னஞ்சல் அனுப்பி, கெடு பார்க்காமல் அவர்களுக்கும் பணத்தைக் கொடுங்கள். என் விமர்சனத்தைப் படங்களோடு மீண்டும் வெளியிடுங்கள்.

புத்தகங்களைத் திரும்ப எடுக்க ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். ஆனால் அவை மறுபடி அலமாரிக்குப் போய் இன்னொருவர் கைக்கு வந்துவிடக் கூடாது. அழித்துவிட்டதாக எழுத்தில் உறுதி தந்த பிறகே ஒப்படைப்பேன். தேவைப்பட்டால் பதிப்பாளருக்கு அனுப்புவதற்காக எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அசல் பிரதியோடு ஒப்பிட்ட படங்கள், ஐந்து பின்னட்டைகள், உங்கள் பதில்களின் நகல்கள், ரசீது ஆகியவற்றை இந்தக் கடிதத்துடன் இணைத்துள்ளேன்.

விதிப்படியான ஒரு மாதத்துக்குள் தீர்வு வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடுவேன். இந்த முறையாவது கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டு, பெயர் போட்டு ஒருவர் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, ஆர்டர் எண் ஆகியவை என் கணக்கில் உள்ளபடி)